பசியா அஜீரணமா

"உன் செடிக்குப் பசியா, அஜீரணமா?"

தார்தோ அப்படிக் கேட்டபோது நிபியாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவள் கஞ்சாச் செடி வைத்த முதல் வருடம் அது. சுருண்டுபோன ஓர் இலையைக் கைக்குட்டையில் பொதிந்து, லாஸ் பியெத்ராஸ் ஊர் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த அவனுடைய கடைக்குக் கொண்டுபோயிருந்தாள். செடி வளர்ப்பவர்களுக்கு மண், தொட்டி, உரம் எல்லாம் விற்கிற கடை. ஏதாவது ஒரு புட்டியை எடுத்து நீட்டுவான், வாங்கிக்கொண்டு போகலாம் என்று நினைத்திருந்தாள். அவனோ இலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வைத்தியர் மாதிரி கேள்வி கேட்டான்.

"எனக்கெப்படித் தெரியும்? அது என்ன வாய்விட்டா சொல்லுது?" என்றாள் நிபியா.

"சொல்லுது. நீதான் கேக்கலை. கீழ் இலை மஞ்சளாச்சுன்னா பசி. இலையெல்லாம் கரும்பச்சையாகி, நுனி கருகி, பருந்தோட கால் மாதிரி உள்பக்கம் மடங்கிச்சுன்னா அஜீரணம். பசிச்ச செடி ரெண்டு வாய் போட்டா எழுந்து உக்காந்துக்கும். தின்னு தின்னு மந்தமான செடிதான் சாகும். இங்க வர்றவங்கள்ல பாதிப்பேர் பாசத்தாலயே செடியைக் கொல்றாங்க."

அன்றைக்கு அவன் எதையும் விற்கவில்லை. வியாபாரம் தெரியாத ஆள் என்று அவள் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தாள். ஆனால் அந்தக் கேள்வி மனசில் முள் மாதிரி தைத்துக்கொண்டது. அதன் பிறகு எந்த இலையைப் பார்த்தாலும், அது கீரையோ, தக்காளியோ, பக்கத்து வீட்டு ஜன்னல் பூச்செடியோ, முதலில் அந்தக் கேள்விதான் வரும்.

இப்போது நிபியாவின் பெயர் தெருவில் பெரிது. வீட்டு முன்னறையில் பெண்களுக்கு முடி வெட்டிச் சாயம் போடுவது அவள் தொழில். தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்து ஓட முடியாதல்லவா, அவர்களிடம் செடி ஞானத்தையும் சேர்த்துப் போதித்துவிடுவாள். "சின்ன வயசுல இலை வளரத் தழைச்சத்து. வளர்ற பிள்ளைக்குக் கறி சோறு மாதிரி. பகல் குறுகி மொட்டு வந்துட்டா தழைச்சத்தை நிறுத்து. அப்புறம் பூப் பிடிக்க மணிச்சத்தும் சாம்பல்சத்தும்தான். கல்யாணம் ஆகப்போறவளுக்கு யாராவது பால்புட்டி குடுப்பாங்களா?" ஞாயிற்றுக்கிழமை கறி சுட்ட அடுப்பின் விறகுச் சாம்பலைச் சலித்து டப்பாவில் போட்டு வைத்திருப்பாள். அதில் ஒரு சிட்டிகைக்கு மேல் எடுக்க மாட்டாள். கை அள்ளப் பார்த்தாலும் மனசு தடுத்துவிடும்.

செடிகள் கொல்லைப்புறத்தில், தாழ்ந்த மதில்சுவரை ஒட்டி வரிசையாக நின்றன. ஆறு தொட்டி. சட்டம் ஒரு வீட்டுக்கு அவ்வளவுதான் விடுகிறது. பதிவு நிபியாவின் பெயரில். அவள் புகைப்பதில்லை. அவளுக்கு அந்த வாசனையே பிடிக்காது. எல்லாம் எல்பியோவுக்காக.

எல்பியோ அவள் புருஷன். கறி ஆலையில், எலும்பிலிருந்து கறியைப் பிரிக்கிற அறையில், பாதி ஆயுசைக் கழித்தவன். அந்த அறை எப்போதும் குளிர்ந்தே கிடக்கும். கத்தி பிடித்த கைகள் ஓய்வு பெற்றதும் பழி வாங்கத் தொடங்கின. குளிர்காலம் வந்தால் விரல் நரம்புகளில் நெருப்புக் கம்பி இழுத்ததுபோல் வலி. மாத்திரைகள் வலியைக் கொஞ்சமும் வயிற்றை முழுக்கவும் கெடுத்தன. இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முனகுவான். டாக்டரம்மா ஒப்புக்கொண்ட பிறகு, அறுவடையிலிருந்து காய்ச்சிய எண்ணெயில் நாக்குக்கடியில் சில சொட்டு விட ஆரம்பித்தான். வலி போய்விடவில்லை. ஆனால் தூங்கினான். அதுவே போதும் என்றிருந்தது இருவருக்கும்.

போன வருடத்து எண்ணெய் புட்டியின் அடிக்கு வந்துவிட்டது. இந்தச் செடிகள் பூத்து, முற்றி, அறுத்தால்தான் வரப்போகும் குளிர்காலம் எல்பியோவுக்குத் தூக்கம். இல்லையென்றால் பழையபடி கட்டில் விளிம்புதான்.

பிப்ரவரிக் கடைசியில், பூமியின் அந்தத் தென்பாதியில் கோடை முடிகிற நேரம், மொட்டின் முதல் அடையாளமாகக் கணுக்களில் வெள்ளை முடி தலைகாட்டியது. நிபியா தழைச்சத்தை நிறுத்தினாள். கோடை அந்த வருடம் வறண்டு கிடந்தது. ஆறு வற்றி, குழாய்த் தண்ணீர்கூட நாக்கில் கரித்தது. இருந்தாலும் அவளுக்குக் கவலையில்லை. "இந்த வருஷம் செடி அசத்தும் பாரு" என்று எல்பியோவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மார்ச் பிறந்தது. செடி அசத்தவில்லை.

மொட்டுகள் வந்தவை வந்தபடி நின்றுவிட்டன. ஆனால் இலை மட்டும் தள்ளிக்கொண்டே போனது, பளபளவென்று, எண்ணெய் தடவியதுபோல் கரும்பச்சை. தெருவில் போகிறவர்கள் பக்கவாசலில் எட்டிப் பார்த்து, "அடேங்கப்பா, என்ன செழிப்பு!" என்றார்கள். நிபியா மட்டும் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடுத்த வாரம் நுனிகள் கருகின. அதற்கடுத்து இலைகள் உள்பக்கம் வளைந்தன.

"நான் வெறும் தண்ணிதானே ஊத்தறேன்" என்று அவள் எல்பியோவிடம் சொன்னாள். "கிழவா, நீ எதாவது போட்டியா? உண்மையைச் சொல்லு. அடிக்க மாட்டேன்."

"நானா? போன தடவை மாத்தே டீ குடிச்ச சக்கையைத் தொட்டியில கொட்டினதுக்கே ஒரு வாரம் பேசாம இருந்த. எனக்கு உயிர் மேல ஆசையில்லையா?"

"அப்ப யாரு?"

"குழாய்த் தண்ணியா இருக்கும். அதுதான் கரிக்குதே."

அவளிடம் ஒரு மீட்டர் இருந்தது. பேனா நீளம். தண்ணீரில் முக்கினால் அதில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று எண் காட்டும். செடிக்குக் கொடுக்கிற சத்தும் தண்ணீரில் கரைந்தால் உப்புதான், அதுவும் கணக்கில் வரும். குழாய்த் தண்ணீரில் முக்கிப் பார்த்தாள். வழக்கத்தைவிடக் கூடுதல்தான், ஆனால் மோசமில்லை. பிறகு தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றி, அடியில் வடிந்ததைத் தட்டில் பிடித்து அதில் முக்கினாள். எண் ஏறிற்று. ஏறிக்கொண்டே போயிற்று. எல்பியோ அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து விசிலடித்தான்.

"இது தொட்டியா, கடலா?"

மறுநாள் ஷிர்லே முடிச்சாயம் போட வந்தாள். அடுத்த தெருக்காரி. ஊர் வம்பு அவள் வாய்க்குள் நுழைந்தால் கால் முளைத்துத்தான் வெளியே வரும். நிபியா மனசு பொறுக்காமல் நடந்ததைச் சொல்லிவிட்டாள்.

"உப்பு ஏறியிருக்குன்னா?" என்று ஷிர்லே கண்ணாடியில் கண்ணை உருட்டினாள். "ஏ பொண்ணே, உப்பு தானா நடந்து வந்து தொட்டியில குதிக்குமா? யாரோ போட்டிருக்காங்க. மதிலுக்கு அந்தப் பக்கம் யாரு இருக்கா?"

மதிலுக்கு அந்தப் பக்கம் மிர்த்தா இருந்தாள்.

மிர்த்தா எல்பியோவின் அக்கா. விதவை. அவள் புருஷனும் அதே கறி ஆலையில்தான் வேலை பார்த்தான். ஞாயிறு தவறாமல் ஜெபக்கூடத்துக்குப் போவாள். கஞ்சாச் செடியை அவள் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டாள். "அந்தது" என்பாள். "அரசாங்கம் அனுமதிச்சா பாவம் புண்ணியமாயிடுமா?" என்று மதிலுக்கு மேல் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போவாள். தொட்டிகள் இருந்த பக்கம் திரும்ப நேர்ந்தால் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்வாள். அவளுக்கு உலகத்தில் இரண்டே சொத்து. ஒன்று ரோஜாத் தோட்டம். அந்த ஊரில் கல்யாணமோ சாவோ, மிர்த்தாவின் ரோஜா இல்லாமல் நடந்ததில்லை. இன்னொன்று முற்றத்து மழைநீர்க் கிணறு. கூரைத் தண்ணீர் குழாய் வழியாக இறங்கிச் சேர்கிற, வளையத்துக்கு வெள்ளையடித்த, மூடி போட்ட பழைய கிணறு. வறட்சி வந்ததிலிருந்து அந்த மூடிக்குப் பூட்டும் போட்டிருந்தாள்.

ஷிர்லே போனதும் நிபியா கையுறையைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்குப் போனாள். மிர்த்தா மதிலுக்கு அந்தப் பக்கம் ரோஜாவுக்குக் கிளை வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய நாய் செனட்டர் காலடியில் படுத்திருந்தது.

"மிர்த்தா! என் செடிக்கு உப்புப் போட்டியா?"

கத்தரி நின்றது. "என்னது?"

"உப்பு. சமையல் உப்பு. நான் சந்தைக்குப் போற நேரமாப் பார்த்து."

"உன் அந்ததுக்கா? அதுக்கு வீணடிக்க என் வீட்டு உப்பு என்ன கடலோரத்துல அள்ளினதா?"

"மீட்டர்ல காட்டுது."

"அந்தக் குச்சியில என் பேரும் எழுதியிருந்துதா?"

"சத்தியம் பண்ணு. உப்புப் போடலைன்னு சத்தியம் பண்ணு."

மிர்த்தாவின் முகம் வெளுத்தது. கோபமா வேறெதுவுமா என்று அந்த நேரத்தில் நிபியாவுக்குத் தெரியவில்லை. "உப்புப் போடலை. கர்த்தர் பேரால சொல்றேன்" என்றாள் மிர்த்தா. பிறகு, "என் தம்பி பொண்டாட்டி என்னைக் கூண்டுல ஏத்திக் கேக்கற நாளும் வந்துதே" என்று சொல்லி, நாயை அதட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கதவு சாத்திய சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

எல்பியோ சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "நல்லா இருக்கு" என்றான். "இனிமே ஞாயித்துக்கிழமை கறிக்கு ரெண்டு பேருக்கும் நடுவுல நான் உக்காரணும். ரெண்டு பக்கமும் வெட்டுப்படும்."

"உங்க அக்கா போட்டிருக்கா. எனக்குத் தெரியும்."

"எங்க அக்கா பொய்ச் சத்தியம் பண்ண மாட்டா. பொய் சொல்லுவா. சத்தியம் பண்ண மாட்டா."

நிபியா கையுறையைக் கழற்றி எறிந்தாள். தொட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்த வாளி மேல் உட்கார்ந்து, செடியையே வெகு நேரம் பார்த்தாள். பார்க்கப் பார்க்க ஏதோ சரியில்லை என்று பட்டது. சமையல் உப்பு ஏறிய செடி வெளிறும், வாடும், ஓரமெல்லாம் தாளாய்க் காயும். இது அப்படியில்லை. இது கொழுத்திருந்தது. விருந்து வீட்டில் அளவில்லாமல் தின்றுவிட்டு பெல்ட்டைத் தளர்த்துகிற ஆள் மாதிரி நின்றது. தார்தோவின் கேள்வி ஞாபகம் வந்ததும் அவள் காது சூடாயிற்று. மீட்டர் சொன்னதை நம்பினாளே தவிர இலை சொன்னதைக் கேட்கவில்லை. யாரோ இதைக் கெடுக்கவில்லை. யாரோ இதற்கு ஊட்டியிருக்கிறார்கள்.

ஆனால் யார், எதை?

பதில் மறுநாள் மத்தியானம் நாலு காலில் வந்தது. சாப்பிட்டுவிட்டுத் தெருவே படுத்துக் கிடக்கிற நேரம். கொல்லையில் மண் பறக்கிற சத்தம் கேட்டு எல்பியோ எழுந்து போனான். செனட்டர் மதிலைத் தாண்டி வந்து, ஒரு தொட்டிக்குள் முன்னங்கால் இரண்டையும் விட்டுப் பறித்து, மண்ணை ரசித்து நக்கிக்கொண்டிருந்தது.

"இறங்குடா, திருட்டுப்பயலே! செனட்டர்னு பேர் வச்சா அடுத்தவன் வீட்டுல புகுந்து திங்கணும்னு யார் சொன்னது?" எல்பியோ அதன் கழுத்தைப் பிடித்து இழுத்தான். இழுத்தவன் அப்படியே நின்றான். நாயின் மூக்கருகே குனிந்தான். தன் விரலை முகர்ந்தான்.

"நிபியா! இங்க வா."

"என்ன, கடிச்சுதா?"

"வந்து மோந்து பாரு."

அவள் முகர்ந்தாள். ஈர மண் வாசனை. அதற்கடியில் துருப்பிடித்த இரும்பு போல ஏதோ ஒன்று.

"ரத்தம்" என்றான் எல்பியோ. "மாட்டு ரத்தத்தைக் காய வச்சு அரைச்ச தூள். என் கல்யாணச் சட்டைலகூட இந்த வாசனை இருந்துது, உனக்கு ஞாபகமில்லையா?"

நிபியா தொட்டியில் விரலை விட்டுக் கிளறினாள். மேல்மண்ணுக்கடியில், தொட்டியின் ஓரத்தைச் சுற்றி, கரும்பழுப்பில் மெல்லிய வளையமாகத் தூள் கிடந்தது. அள்ளி எறிந்தது இல்லை. மண்ணை விலக்கி, தண்டில் படாமல் சுற்றிவர வைத்து, பக்குவமாக மூடியது. அடுத்த தொட்டியிலும் அப்படியே. ஆறிலும் அப்படியே. தழைச்சத்திலேயே கனமான சத்து அது. மெல்ல மெல்லக் கரைந்து, வாரக்கணக்கில் ஊட்டிக்கொண்டே இருக்கும்.

ஆலையிலிருந்து அந்தத் தூளை மூட்டையாக வாங்கி வைத்திருப்பது அந்தத் தெருவில் ஒரே ஆள். மிர்த்தாவின் ரோஜா ரகசியம் ஊருக்கே தெரிந்த ரகசியம்.

"பாத்தியா!" என்றாள் நிபியா. "உப்புப் போடலைன்னுதானே சத்தியம் பண்ணினா. நானும் உப்பைத்தானே கேட்டேன்! இப்பப் போய்க் கேக்கறேன் பாரு."

"இரு, இரு." எல்பியோ அவள் முழங்கையைப் பிடித்தான். "போன வருஷம் நம்ம எலுமிச்சைக்கு ஒரு பிடி கேட்டேன். கூடப் பொறந்த தம்பி கேட்டேன். என்ன சொன்னா தெரியுமா? 'ஊர்ல இருக்கற மரத்துக்கெல்லாம் குடுக்க என்கிட்ட ஆலையா இருக்கு'ன்னா. அம்மா கல்லறைல வச்ச ரோஜாவுக்கும் அவ தோட்டத்துக்கும் தவிர எதுக்கும் அதைத் தொட்டதில்லை."

நிபியா தொட்டியைப் பார்த்தாள். அந்த வளையத்தைப் பார்த்தாள். எடுத்த அடி அப்படியே நின்றது.

கையில் ஒட்டிய தூளை உதறிவிட்டு அவள் சொன்னாள், "கழுவணும். இருக்கற சத்தெல்லாம் வடிஞ்சு வெளிய வர்ற வரைக்கும் தண்ணி ஊத்தணும். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டா மொட்டு முடங்கிடும்."

"குழாய்த் தண்ணிதான் கரிக்குதே."

"அதான். ஏற்கெனவே உப்பு இருக்கற தண்ணியால கழுவினா ஆகாது. மழைத்தண்ணி வேணும்."

இருவரும் ஒரே சமயத்தில் மதிலைப் பார்த்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் கிணற்று மூடியில் பூட்டு வெயிலில் மின்னியது.

"நான் போய்க் கேக்கட்டுமா?" என்றான் எல்பியோ.

"நீ கேட்டா உனக்காகக் குடுப்பா. அப்புறம் அடுத்த வாரம் மறுபடியும் உனக்காக ரத்தம் வைப்பா. நான் போறேன்."

மதிலைத் தாண்டாமல், தெருவைச் சுற்றி முன்வாசல் வழியாகப் போனாள். மிர்த்தா தோட்டத்தில்தான் இருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்ன, உப்பு தீந்துபோச்சா? கைமாத்துக் கேக்க வந்தியா?"

"தண்ணி கேக்க வந்தேன்."

"ரோஜாவுக்கே அளந்து ஊத்தறேன். பக்கத்துத் தெருவுல கைக்குழந்தைக்காரி கேட்டா, அவளுக்குக் குடுத்தேன். அந்ததுக்குக் குடுக்க மாட்டேன்."

"சரி" என்றாள் நிபியா. ஒரு ரோஜாச் செடிக்கு எதிரே குனிந்து பார்த்தாள். மொட்டு இறுகி, முனையில் சிவப்பு எட்டிப் பார்த்தது. "ஒரு சந்தேகம் கேக்கவா? உன் தொழில் சந்தேகம்."

"கேளேன். வாய்க்கு வரியா போட்டிருக்கு?"

"இந்த மாதிரி மொட்டு வந்த செடிக்கு ரத்தம் வைப்பியா?"

"உனக்குப் பைத்தியமா?" மிர்த்தா இப்போது நிமிர்ந்தாள். தெரிந்த விஷயத்தைக் கேட்டால் அவளால் கோபத்தைக்கூடப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. "மொட்டு வந்தா நிறுத்திடணும். துளிர் விடும்போது வைக்கறது அது. மொட்டு வந்தப்புறமும் வச்சா, இலையாத் தள்ளும். பாக்கறவங்களுக்குக் காடு மாதிரி இருக்கும், பூ மட்டும் வராது. மொட்டு உள்ளயே முடங்கிக் கருகிப்..."

அவள் வாய் திறந்தபடி நின்றது.

ஒரு வண்டு ரோஜாவைச் சுற்றிவிட்டுப் போயிற்று. நிபியா ரோஜாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது பேசினால் வாதத்தில் ஜெயிக்கலாம், தண்ணீர் கிடைக்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அதுல மொட்டு எங்க இருந்துது?" என்றாள் மிர்த்தா, குரல் இறங்கி. "பூவே காணோமே."

"ரோஜா மாதிரி இருக்காது. கணுவுல வெள்ளையா முடி மாதிரி வரும். கிட்டப் போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

"நான் கிட்டப் போய்ப் பாக்கலை." மிர்த்தா கத்தரியை மடக்கி மடக்கித் திறந்தாள். "முகத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் வச்சேன். கை தடவிப் பார்த்தே வச்சேன். மத்தியானம் நீங்க ரெண்டு பேரும் தூங்கறப்ப."

"தண்டுல படாம சுத்திவர வச்சிருக்க. அழகா."

"பின்ன? தண்டுல பட்டா சுடும்."

பிறகு மிர்த்தாவே, யாரும் கேட்காமல், ரோஜாவிடம் சொல்வதுபோல் சொன்னாள். "என் கட்டிலும் அவன் கட்டிலும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். முன்னெல்லாம் குளிர்காலத்துல அவன் முனகறது கேக்கும். நானும் எழுந்து உக்காந்துப்பேன். போன குளிர்காலத்துல கேக்கலை. முதல்ல, செத்துட்டானோன்னு பயந்தேன். சுவத்துல காதை வச்சுக் கேட்டேன். குறட்டை விட்டுக்கிட்டிருந்தான்." மூக்கை உறிஞ்சினாள். "அது பாவம்தான். நான் அதுல மாத்திச் சொல்லலை. ஆனா பாவமோ என்னவோ, இளைச்சுப் போகாம இருக்கட்டும்னுதான்."

"உப்புன்னு சொன்னது என் தப்பு" என்றாள் நிபியா.

"தப்புதான். ஷிர்லே முன்னாடி வேற பேசியிருக்க. அவகிட்டச் சொன்னா ரேடியோல சொன்ன மாதிரி." மிர்த்தா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். "வாளி கொண்டுவந்தியா, இல்ல கைல அள்ளிக்கிட்டுப் போகப்போறியா?"

சாயங்காலம் வரை வேலை நடந்தது. முதலில் நிபியா ஒவ்வொரு தொட்டியிலும் மேல்மண்ணோடு அந்தப் பழுப்பு வளையத்தைச் சுரண்டி எடுத்தாள். எடுத்த மண்ணை மிர்த்தா ஒரு துளிகூடச் சிந்தாமல் கூடையில் வாங்கிக்கொண்டாள். வசந்தத்தில் ரோஜாவுக்கு ஆகுமாம். பிறகு கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் மதில் மேல் ஏறி இறங்கியது. எல்பியோ மதிலில் சாய்ந்து வாளியை முழங்கையில் மாட்டி வாங்கினான். விரலால் பிடிக்க அவனால் முடியாது.

"மெதுவா ஊத்து!" என்று மிர்த்தா மறுபக்கத்திலிருந்து அதட்டினாள். "தீயணைக்கவா வந்திருக்க? வேர் மூச்சு விட வேண்டாமா?"

"எனக்கே பாடமா?" என்றாள் நிபியா.

"உனக்குத்தான்."

தொட்டியின் அடியிலிருந்து முதலில் காப்பி நிறத்தில் வடிந்தது. பிறகு தேநீர் நிறம். பிறகு வைக்கோல் நிறம். நிபியா மீட்டரை முக்கி முக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரே கேள்வி வந்தது: "குச்சி என்ன சொல்லுது?"

"இறங்குது."

"எவ்வளவு?"

"இன்னும் வேணும்."

"கேட்டேனே, எவ்வளவு?"

"மிர்த்தா, நீ வாளியைக் குடு. எண்ணை நான் பாத்துக்கறேன்."

கடைசி வாளி வந்தபோது கயிறு சேற்றோடு வந்தது. கிணற்றின் அடி தெரிந்துவிட்டது. ரோஜாவுக்கு இனி மழை வந்தால்தான் உண்டு என்று மூவருக்கும் தெரியும். மிர்த்தா மூடியைப் போட்டாள், பூட்டவில்லை. பூட்டுவதற்கு என்ன இருக்கிறது?

கடைசித் தொட்டியில் வடிந்தது ஏறக்குறைய தெளிந்திருந்தது. நிபியா மீட்டரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டாள். "பொழச்சுக்கும்" என்றாள். எல்பியோ அவளை ஒரு பார்வை பார்த்தான். அவள் குரலில் சந்தேகம் இருக்கிறதா என்று தேடினான். இல்லை.

அப்படியே ஆயிற்று. கருகிய நுனி கருகியதுதான், அது திரும்பாது. ஆனால் இலைகள் மெல்ல விரல் விரித்தன. கரும்பச்சை தணிந்து, முருங்கைக்கீரை நிறத்துக்கு வந்தது. கீழ் இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிரத் தொடங்கியதைப் பார்த்து எல்பியோ பதறினான். "பசிக்குதோ?" என்றான்.

"பசிக்கட்டும். பூக்கற நேரத்துல கொஞ்சம் பசி நல்லது. பழைய இலையில சேத்து வச்சதை எடுத்துத் தின்னுக்கும்." நிபியா சாம்பல் டப்பாவைத் திறந்தாள். சாம்பலைத் தண்ணீரில் கலக்கி, தெளிய வைத்து, மேலாக எடுத்துத் தொட்டிக்கு ஒரு கோப்பை விட்டாள். டப்பாவை மூடி உயரப் பரணில் வைத்துவிட்டாள். நாய்க்கு எட்டக் கூடாது, நாய்க்கு மட்டுமல்ல.

மார்ச் முடிவதற்குள் மொட்டுகள் திரண்டன. ஒன்றோடொன்று ஒட்டி, கொழுத்து, விரல் பட்டால் பிசினாய் ஒட்டிக்கொண்டன. வெள்ளை முடிகளில் பழுப்பு ஏறத் தொடங்கியது. போன வருட அளவுக்கு வராது. ஆனால் ஒரு குளிர்காலத்துக்கு வரும். நிபியா அதைச் சொன்னபோது எல்பியோ போய், அவளுக்காக ஒரு கோழி வாங்கிக்கொண்டு வந்தான்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ரோஜாக்கள் அந்த மாதம் சிறுத்துப் பூத்தன. சில மொட்டிலேயே காய்ந்தன. "இந்த வருஷம் என்ன மிர்த்தா, தோட்டம் இப்படி?" என்று ஷிர்லே மதில் வழியாகக் கேட்டது நிபியாவின் காதில் விழுந்தது. "வறட்சி" என்று மட்டும் பதில் வந்தது. கூடவே, "அந்தக் கொல்லையைப் பாக்காத. அங்க இருக்கறது பாவம்" என்றும் வந்தது. நிபியா உள்ளே ஒருத்தி தலைக்குச் சாயம் தடவிக்கொண்டே சிரித்தாள். அந்தப் பெண் என்னவென்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்றாள்.

ஏப்ரலில் முதல் குளிர் இறங்கிய காலை, எல்பியோ வாசற்படியில் வெயிலுக்கு உட்கார்ந்திருந்தான். நிபியா அறுப்புக்கு முன் தொட்டிகளுக்கு வெறும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கவாசல் திறக்கிற சத்தம் கேட்டது. மிர்த்தா வந்தாள். இத்தனை வருடத்தில் அவள் எல்லோரும் பார்க்க அந்தத் தொட்டிகள் பக்கம் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. ஜெபக்கூடத்துக்குப் போகிற உடுப்பு. கையில் மூக்குக் கண்ணாடி.

யாரையும் பார்க்காமல் நேரே முதல் தொட்டிக்குப் போனாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். குனிந்து, ஒரு பூங்கொத்தைக் கீழிருந்து இரண்டு விரலால் தாங்கி, தன் ரோஜாவைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அடியில் பார்த்தாள், கணுவில் பார்த்தாள், முடியில் பார்த்தாள். விரலை மூக்கருகே கொண்டுபோய் முகம் சுளித்தாள். அப்புறம் மறுபடியும் முகர்ந்தாள். அடுத்த தொட்டி. அதற்கடுத்தது. ஆறும் ஆகிறவரை நிபியா வாளியைக் கீழே வைக்கவில்லை.

கடைசித் தொட்டியில் நுனி கருகி, பருந்துக் கால்போல் மடங்கிய பழைய இலை ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மிர்த்தா அதைக் கிள்ளி எடுத்தாள்.

"என்னக்கா," என்றான் எல்பியோ வாசற்படியிலிருந்து, "பரிசு குடுக்கலாமா?"

மிர்த்தா, தான் செய்த தப்பின் அடையாளம் போல, அந்த இலையைக் கைக்குட்டையில் மடித்துக் கைப்பைக்குள் போட்டாள். கண்ணாடியைக் கழற்றினாள். தம்பியின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பக்கவாசல் வழியாகப் போய்விட்டாள்.